விரதக்காரியின் வெறும் வயிறு

“விடியத்திலயிருந்து தொண்டைக்குள்ளால என்னென்ன இறங்கினது? தீர்த்தம் எண்டாலும் சொல்லுங்கோ.”

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் சுபோதினி, நோயாளரிடம் “சாப்பிட்டீங்களோ?” என்று கேட்பதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் அந்தக் கேள்வி சோற்றை மட்டுமே குறிக்கும். தேத்தண்ணி, பிஸ்கட், இரண்டு இட்டலி எல்லாம் சாப்பாட்டில் சேராதவை.

மயக்க வாயுவை அவர் அதிகம் நம்புவதில்லை. மருந்தெல்லாம் நாளத்தின் வழியே. ஒரு பம்பில் வெள்ளை வெளேரென்ற நித்திரை மருந்து, இன்னொன்றில் நோவு மருந்து. “நித்திரையாக்கிறது சின்ன வேலை. வயித்தை வெட்டின ஆள் எழும்பி இருமேக்க நோகக்கூடாது. இருமாட்டில் சளி கட்டும்.” ஊர் நோவையெல்லாம் அடக்குகிறவர், தமது தலையிடிக்கு ஒரு பனடோல்கூடப் போடமாட்டார். “சும்மா சும்மா மருந்து எடுக்கக் கூடாது” என்று நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வார்.

சென்ற வெள்ளிக்கிழமை பித்தப்பையை எடுக்க வந்தவர் கொட்டாஞ்சேனை இரத்தினம்மா. சாப்பிடவில்லை என்று தாதியிடம் சத்தியம் செய்யாத குறை. சத்திரசிகிச்சை நிபுணர் இராஜநாயகம் கைகழுவிக் கையுறை போட்டு நின்றார். சுபோதினி தம் கேள்வியைக் கேட்டார்.

“ஒண்டுமில்லைப் பிள்ளை. வெள்ளி விரதமெல்லே! ஒரு கப் பாலும் ரெண்டு கதலிப்பழமும்தான்.”

“எப்ப?”

“இப்ப, வெளிக்கிடேக்க. விரதத்துக்குப் பால் பழம் குற்றமில்லைத்தானே?”

“விரதத்துக்குக் குற்றமில்லை அம்மா. மயங்கிக் கிடக்கேக்க அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போனால் உயிர் தப்பாது.”

இராஜநாயகத்துக்குப் பொறுமை போயிற்று. “ஒரு கப் பாலுக்கோ கேஸை நிப்பாட்டுறீர்? பித்தப்பைக் கல்லு காத்துக்கொண்டிருக்குமோ?”

“கல்லு எங்கயும் ஓடாது, சேர். நாளைக்கு இவவும் இருக்கோணும்.”

அவர் கையுறையைக் கழற்றி எறிந்தார். சுபோதினி பம்புகளை அணைத்தார்.

மறுநாள் இரத்தினம்மா நிசமாகவே வெறும் வயிற்றோடு வந்து, விரதத்தைவிட இது பொல்லாதது என்று முறைப்பட்டார். “உங்கட சொந்த இடம் எது?” என்று பம்பை முடுக்கியபடி சுபோதினி கேட்க, “கரவெட்டி. எங்கட பெரியப்பான்ர...” என்றவர் பெரியப்பாவைத் தாண்டவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து அவர் கண் விழித்ததும் சுபோதினி கட்டிலருகே குனிந்தார். “அம்மா, ஒருக்கா இருமுங்கோ.”

“ஐயோ, தையல் பிரியுமெல்லே?”

“பிரியாது. இருமுங்கோ.”

இரத்தினம்மா கண்ணை இறுக மூடி, இருமினார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். “நோகேல்லைப் பிள்ளை!”

அதுவரை தாமே இருமுகிறவர்போலத் தம் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்த கையை சுபோதினி மெதுவாக எடுத்தார்.