வரப்பில் கொத்திய சக்கரம்

1991இல் ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தைப் பாகம் பிரித்தபோது, என் வீட்டுக்காரருக்குக் கிணற்றோடு பாதி வந்தது. அவர் தம்பிக்கு மேட்டு நிலம். அதன் கோடியில் ஒரு பழைய கல். நமக்குத்தான் நல்ல பாகம் என்று நிம்மதியாக இருந்தேன்.

தம்பி மனைவி, என் ஓரகத்தி, அந்தக் கல்லைக் கழுவினாள். ஒரு சக்கரம் தெரிந்தது. அவ்வளவுதான், சாமிக் கல் என்று ஊரே திரண்டுவிட்டது. மஞ்சள், குங்குமம், வெள்ளிக்கிழமை விளக்கு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட அவளைச் சக்கரத்தம்மா என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மூத்த மருமகள் நான். என் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவளுக்கு இந்தப் பவிசா?

அம்மி கொத்துகிறவர் தெருவில் வந்தார். ஒரு படி கேழ்வரகு கொடுத்து, எங்கள் பக்கத்துக் கோடியில் கிடந்த கல்லிலும் சக்கரம் கொத்தச் சொன்னேன். புதுசு தெரியாமலிருக்க எண்ணெயும் கரியும் தேய்த்தேன். என் கல்லுக்கும் பூ வந்தது.

பத்து நாள் கழித்து வாலாஜாபாத்திலிருந்து ஒரு சரித்திர வாத்தியார் சைக்கிளில் வந்தார். அவள் கல்லைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவரை, நான்தான் விடாமல் என் கல்லுக்கும் இழுத்துக்கொண்டு போனேன்.

"இது சாமி இல்லம்மா, எல்லைக் கல்லு" என்றார். "அந்தக் காலத்துல பெருமாளுக்கு நெலம் எழுதி வெச்சா மூலைக்கு மூலை சக்கரம் போட்டு நடுவாங்க. சிவனுக்குன்னா சூலம். ஒரு கல்லுன்னா எங்கேர்ந்தோ வந்து கெடந்துச்சுன்னு சொல்லலாம். ரெண்டு கெடைச்சிடுச்சே! நடுவுல இருக்கறதெல்லாம் கோயில் நெலம். மேல எழுதிப் போடணும்."

நடுவில் இருந்தது எங்கள் இரண்டு குடும்பத்து நிலமும்தான். ஓரகத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் நோட்டைத் திறந்தார்.

"எழுதாதீங்க சார். பத்து நாளு முன்னாடி நான்தான் கொத்த வெச்சேன்."

"இன்னாத்துக்குடி?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"பொறாமைதான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியாரும் நோட்டை மூடிவிட்டுச் சிரித்தார்.

ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. "கேட்டிருந்தா என் கல்ல உன் வரப்புல நட்டிருப்பேனேக்கா" என்றாள்.

அவளுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். வாயைத் திறந்து நிலத்தைக் காப்பாற்றியது நான். நல்ல பேர் மட்டும் அவளுக்கு.