வலக்கண்ணில் சிறுத்த காய்

குரங்கணியிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்து ஒரு கை ஏலக்காயை அள்ளினேன். வழக்கம்போல் இடக்கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். எல்லாம் பொடிக்காய், நிறமும் வெளுப்பு. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என்னண்ணே, முதல் தரம்னு சொல்லிட்டு இதைக் கொண்டாந்திருக்கீக?"

மூட்டையைக் கொண்டுவந்த தோட்டக்காரர், பொடிக்காயைக் கீழே தள்ளிவிடும் என் கடைச் சல்லடையை எடுத்துச் சலித்தார். ஒரு காய்கூடக் கீழே விழவில்லை. பயந்துபோய் வலக்கண்ணை மூடிப் பார்த்தேன். உள்ளங்கையில் கொழுத்த பச்சைக் காய்கள். இடக்கண்ணை மூடினால் அதே காய்கள் சிறுத்து வெளுத்து, நடுவில் அழுக்குத் திட்டு ஒன்று.

விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருப்பதாகச் சொன்ன கண் டாக்டர், "நெஞ்செரிச்சல் உண்டா?" என்று கேட்டார்.

"கண்ணைக் காட்ட வந்தா வயித்தக் கேக்குறீக?" என்று எரிந்து விழுந்தேன்.

"வயித்துல வர்ற ஒரு கிருமிக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஒரு சந்தேகம். இன்னும் உறுதியாகல. பார்த்துட்டா நல்லது."

பார்த்தோம். கிருமி இருந்தது. அதுதான் கண்ணைக் கெடுத்ததா என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை. நெஞ்செரிச்சலை நான் ஒரு நோயாகவே நினைத்ததில்லை. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவனுக்கு அதற்கு மாத்திரை எதற்கு? எரியும்போதெல்லாம் மூட்டையில் கைவிட்டு, இருப்பதிலேயே நல்ல காயாக ஒன்றை எடுத்து மென்றுவிடுவேன்.

இத்தனை வருடமும் அந்த நல்ல காயைப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தது இந்த வலக்கண்தான்.