வேகத்தடை வாங்கித் தந்த சின்னப்பையன்

காஞ்சிபுரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சின்னப்பையனின் வாழ்க்கையை இரண்டு காலங்களாகப் பிரிக்கலாம். வேகத்தடைக்கு முன், வேகத்தடைக்குப் பின். முதல் காலம் ஐம்பது வருடத்துக்கும் மேல் நீடித்தது. அதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. அதாவது, ஊர் அவரை நல்லவர் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பெயர் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. மாகறலிலிருந்து பிழைக்க வந்து, பஞ்சர் ஒட்டக் கற்று, பட்டுக்கடைகளுக்குப் போகும் தெருவின் முனையில் காற்றடிக்கும் இயந்திரம் ஒன்றை வைத்தவர் அவர். பஞ்சர் கடைக்காரர் என்றாலே ஆணியைத் தெருவில் போடுகிறவரும் அவர்தான் என்று உலகத்துக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகம் தன்மேல் மட்டும் விழக்கூடாது என்பது சின்னப்பையனின் ஒரே வீம்பு. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, விடிந்ததும் தெருவெல்லாம் நாய்க்குட்டியைப்போல் இழுத்துக்கொண்டு போவார். ஒட்டிய ஆணிகளைக் கடைவாசலில் ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பார். தன் வியாபாரத்தைத் தானே பொறுக்கி டப்பாவில் போடுகிற மனிதரை எந்த ஊரும் மதிக்கத்தான் செய்யும்.

இந்த நிம்மதியைக் கெடுத்தது அவருடைய நல்ல மனசுதான்.

கல்யாணப் புடவை எடுக்க வருகிற கார்கள், தாலி கட்ட இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்பதுபோல் அந்தத் தெருவில் பறக்கும். ஒரு நாள் அப்படிப் பறந்த பைக் ஒன்று, முனையில் இட்லி விற்கும் ரேணுகாம்பாளின் காலில் மோதியது. அந்தம்மாவை ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் சின்னப்பையன். கால் கூடியது, நடை மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்ந்த நடையைப் பார்த்த அன்றே, தெருவுக்கு வேகத்தடை வாங்கித் தராமல் ஓய்வதில்லை என்று முடிவு செய்தார்.

துணைக்கு வந்தவர் எதிர் டீக்கடை வேணுகோபால், இருபது வருடச் சிநேகிதர். இருவரும் மனுவும் கையுமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். ஒரு வழியாகத் தார் லாரி வந்தது. ஒப்பந்தக்காரர் நாலு விரற்கடை உயரம்தான் போடவேண்டும். ஆனால் லாரியில் கலவை மிச்சமிருந்தது. அதைத் திருப்பி எடுத்துப்போக அவருக்கு மனமில்லை. அத்தனையும் அங்கேயே கொட்டினார். வேகத்தடை என்று கேட்டவர்களுக்கு ஒரு சிறு குன்றே கிடைத்தது. வெள்ளைக்கோடு அடுத்த வாரம் வரும் என்றார்கள். அந்த அடுத்த வாரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அன்று வேணுகோபால் தெருவுக்கே ஓசியில் டீ கொடுத்தார். சின்னப்பையனுக்கு ஒரு துண்டும் போர்த்தினார். அந்தத் துண்டில் கிரீஸ் படக்கூடாது என்று காவேரி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவள் சின்னப்பையனின் மனைவி. பின்னால் வரப்போவதை முன்கூட்டியே அறிந்தவள்போல் எதையும் பூட்டி வைக்கும் பழக்கம் உள்ளவள்.

குன்று தன் வேலையைச் செய்தது. கார்கள் அடங்கின. ஆனால் கோடில்லாத கறுப்பு மேட்டைப் பார்க்காமல் ஏறியவர்கள், பார்த்துக்கொண்டே விழுந்தார்கள். முதல் பலி சரத்குமார். சாயப்பட்டறையிலிருந்து தறியில் பாவு ஓட்டுவதற்கான பட்டு நூலை மொபெட்டில் வைத்துக்கொண்டு வந்தவன். மாம்பழ மஞ்சளில் சாயமேறிய நூல் சாக்கடையில் விழுந்து, பெயர் வைக்க முடியாத நிறத்தில் வெளியே வந்தது. அவனுக்குப் பின்னால் ஷாக் அப்சர்பர் போனவர்கள், ரிம் வளைந்தவர்கள், சைலன்சர் கழன்றவர்கள். எல்லோரும் தள்ளிக்கொண்டு வந்து நின்ற இடம் சின்னப்பையனின் கடைவாசல். வேறு கடை பக்கத்தில் இல்லை.

அவர் வாழ்நாளில் அப்படி ஒரு வியாபாரத்தைப் பார்த்ததில்லை. உட்காரக்கூட நேரமில்லை. அதனால்தான், யார் என்ன பேசுகிறார்கள் என்பது அவர் காதுக்கு வரத் தாமதமாயிற்று.

காதுக்கு வந்தபோது, அவர் ஓர் ஆட்டோவுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். எதிர்க்கடையில் யாரோ வெளியூர்க்காரர், இந்த மேட்டை எந்தப் புண்ணியவான் போட்டது என்று கேட்டார். வேணுகோபால் டீயை ஆற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

“தோ, எதிர்ல கடை வெச்சிருக்கறாரே, அவருதான். சும்மாவா அலைஞ்சாரு? மூளைபா, எல்லாம் வியாபார மூளை.”

ஆட்டோவுக்கு அடியிலிருந்து ஸ்பேனர் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

ரேணுகாம்பாள் இதைவிட ஒரு படி மேலே போனாள். இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, வாங்க வந்த பெண்களிடம், “என் கால வெச்சி கடைக்கு ஆளு புடிச்சிக்கினான்மா” என்று சொன்னாளாம். அதைச் சின்னப்பையனிடம் கொண்டுவந்து சேர்த்த சரத்குமாருக்கு ரொம்ப நல்ல மனசு. ஒரு வார்த்தை விடாமல் சேர்த்தான்.

சின்னப்பையன் இரண்டாவது முறையாக நல்லது செய்யத் துணிந்தார். மேட்டில் விழுந்தவர்களின் வண்டிகளுக்கெல்லாம் கூலி வாங்குவதில்லை என்று அறிவித்தார். தெரு யோசித்தது. தப்பே பண்ணாதவன் எதற்கு ஓசியில் வேலை செய்யவேண்டும் என்று தீர்ப்பளித்தது. காந்தத்துக்கும் புது விளக்கம் பிறந்தது. விடியற்காலையில் குனிந்து குனிந்து போகிறவர் ஆணியைப் பொறுக்குகிறாரா, போடுகிறாரா, யார் பக்கத்தில் போய்ப் பார்த்தார்கள்? ஊரறிய வாசலில் வைத்த பெயின்ட் டப்பா, ஊரறிந்த சாட்சியாகிவிட்டது. காவேரி அதையும் எடுத்துப் பீரோவில் வைக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை.

வைகாசித் திருவிழா வந்தது. சாமி தூக்குகிறவர்கள் கால் இடறும் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பி மேட்டைச் செதுக்கி எடுத்தார்கள். கருடன்மேல் ஏறி வந்த பெருமாள் துளியும் குலுங்காமல் கடந்து போனார். கூட்டத்தில் சின்னப்பையன்தான் கன்னத்தில் பலமாகப் போட்டுக்கொண்டார். தன் பெயரை அழுத்திக்கொண்டிருந்த பாரத்தைப் பெருமாளே இறங்கி வந்து அகற்றியதாக அவர் நம்பினார்.

அடுத்த முகூர்த்த நாளில், காலையில் காந்தத்தை இழுத்துக்கொண்டு போனவர் ஓர் ஆணியை எடுக்கக் குனிந்தார். புடவை எடுக்க வந்த கார் ஒன்று, மேடு இல்லாத சந்தோஷத்தில் திரும்பியது.

தொடை எலும்பு இரண்டாக உடைந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். பிளாஸ்க்கில் டீயோடு பார்க்க வந்தார் வேணுகோபால். உடம்பை விசாரித்தார், வெயிலை விசாரித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“உண்மையச் சொல்லு சின்னப்பையா. நீயே போய் வுழுந்தியா?”

“எதுக்குபா?”

“மேட்ட எடுத்ததுல கடை டல்லாயிட்சே. திரும்பவும் போடச் சொல்லணும்னு நீயே வுழுந்துட்டன்னு பேசிக்கிறாங்க.”

“யாரு பேசறாங்க?”

வேணுகோபால் பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகி மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

பிறகு, வந்த காரியத்துக்கு வந்தார். வேகத்தடை கேட்டுத் தெருவே மறுபடி மனு எழுதியிருக்கிறதாம். எழுதியவர் அவர்தான். கையோடு கொண்டுவந்திருந்தார். அடிபட்ட ஆளின் கையெழுத்து இருந்தால் வேலை சட்டென்று நடக்கும். இன்னொரு சங்கதி: டீக்கடைக்குப் பக்கத்து இடம் காலியாகத்தானே கிடக்கிறது, தன் மருமகன் விமல்ராஜ் அங்கே ஒரு பஞ்சர் கடை போட்டிருக்கிறான். சின்னப்பையன் எழுந்து வருகிறவரைக்கும்தான். ஜனங்கள் கஷ்டப்படக்கூடாது பாருங்கள்.

சின்னப்பையன் கூரையைப் பார்த்தார். அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதில் பார்க்க ஒன்றுமில்லை. இருபது வருடமாக இந்த மனிதனிடம்தான் டீ குடித்திருக்கிறோம் என்று நினைத்தார். அதற்குமேல் நினைக்கப் பிடிக்கவில்லை. ரேணுகாம்பாள் அந்த முனையில்தான் உட்கார்ந்திருப்பாள். ஓடச் சொன்னாலும் அவளால் ஓட முடியாது.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வெள்ளைக்கோடு வேண்டும் என்று கீழே ஒரு வரி எழுதச் சொன்னார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வேணுகோபால் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அவர் கிளம்பும்போது, சின்னப்பையன் கட்டிலுக்கு அடியிலிருந்த பையைக் காட்டினார். விபத்தன்று யாரோ எடுத்துவந்து கொடுத்த காந்தம், கயிற்றோடு அதில் இருந்தது.

“விமல்ராஜ்கிட்ட குடு. கடை தொறக்கறதுக்கு முன்னாடி தெருவுல ஒரு சுத்து இழுத்துக்கினு வரச் சொல்லு.”

வேணுகோபாலுக்கு நிஜமாகவே புரியவில்லை.

“அது எதுக்குபா அவனுக்கு?”