சாபிராவின் ஒரு மணி நேரம்

கன்டெய்னர் லாரி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் சாபிரா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு மேசைமேல் உள்ளங்கையை அழுத்திக்கொள்வாள். லாரி போகும்வரை எடுக்க மாட்டாள். மேசையில் ஒரு ஸ்டாண்டு. அதில் நெட்டுக்குத்தாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் ரத்தம். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கின என்பதுதான் ஈ.எஸ்.ஆர். குழாய் அதிர்ந்தாலோ சாய்ந்தாலோ எண் ஏறிவிடும். அதனால் ஸ்டாண்டுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டிருக்கிறாள்.

வடசென்னை கல்மண்டபத்தில் அவளுடைய லேபை ஒட்டி என் மருந்துக்கடை. நான் வந்து இருபத்திரண்டு வருடம், அவள் வந்து ஆறு. முன்பெல்லாம் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். இப்போது என்னிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு, "அக்கா கீதா, இல்லியா?" என்று பக்கத்துக் கதவை எட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. மறைப்பானேன், நன்றாகவே எரிகிறது.

குள்ளமான உருவம், ஐம்பதை நெருங்கும் வயது, கறுப்புப் புர்காவுக்கு மேல் வெள்ளைக் கோட்டு, மூக்கில் கண்ணாடி. டீயை முழுக்க ஆறவிட்டுத்தான் குடிப்பாள். ஊசி குத்தும்போது வீட்டில் இன்று என்ன குழம்பு என்று கேட்பாள். பதில் முடிவதற்குள் ரத்தத்தை எடுத்திருப்பாள். நானும் ஒருமுறை வஞ்சிரம் என்று சொல்லி ஏமாந்தவன்தான்.

மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் இன்னாசி போன மாதம் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தார். ஈ.எஸ்.ஆர். சென்ற தடவை இருபது, இந்தத் தடவை அறுபது, உடம்பில் ரத்தம் நன்றாக ஊறிவிட்டதாம். நானாக இருந்தால் சிரித்திருப்பேன். அவள் ஒரு ஜிலேபியை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "இது ரத்தத்தோட அளவு இல்ல நைனா. ஒடம்புக்குள்ள இன்னாமோ ரவுசு நடந்துகினு கீதுன்னு சொல்லும். எவன் பண்றான்னு சொல்லாது. அத்த டாக்டருதான் கண்டுபுடிக்கணும்." இன்னாசி மறுநாளே டாக்டரிடம் போனார். அந்த 'ரவுசு' என்ற சொல் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இரண்டு நாள் எரிச்சலோடு திரிந்தேன்.

போன வாரம் என் மனைவி ராஜாத்தி, எண்ணூரில் தான் வேலை செய்யும் கம்பெனிக்கு வந்த மருத்துவ முகாம் வேனில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். ஈ.எஸ்.ஆர். எண்பத்து நாலு. கொஞ்ச நாளாக அசதி என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். காகிதத்தைப் பார்த்ததும் டி.பி. என்று சொல்லிவிட்டேன். அவளுக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தேன். ராஜாத்தி நான்கு நாள் அந்தத் தட்டில் சாப்பிட்டாள். ஐந்தாம் நாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு, என் கடையைத் தாண்டி, சாபிராவிடம் போனாள்.

கட்டின பெண்டாட்டியே அங்கே போனால் நான் எதற்கு? பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். தனித் தட்டு வரை எல்லாவற்றையும் ராஜாத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். சாபிரா முதலில் கேட்டது, வேன் எங்கே நின்றது என்று. லாரி போகிற ரோட்டோரம், எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது என்றாள் ராஜாத்தி. புதிதாக ரத்தம் எடுத்துக் குழாயை நிறுத்தினாள் சாபிரா. எண்பத்து நாலு என்றால் டி.பி. இல்லாமல் வேறு என்ன என்று சண்டைக்கு நிற்பதுபோல் கேட்டேன்.

"எனுக்குத் தெரியாது அண்ணே. உனுக்கும் தெரியாது. அந்தத் தட்ட மட்டும் எடுத்துடு."

ஒரு மணி நேரம் ராஜாத்தி என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நேரம் ஆனதும் சாபிரா குனிந்து பார்த்தாள். முப்பத்தாறு. கொஞ்சம் கூடுதல்தான், ரத்தசோகை இருந்தாலும் ஏறும், எதற்கும் நாளைக்கே டாக்டரைப் பார்த்துவிடு என்று ராஜாத்தியிடம் சொன்னாள்.

அப்போதும் எனக்கு அவள் வாயால் கேட்டது போதவில்லை. நான் பார்க்க வேண்டும் என்றேன். அவள் கோபப்படாமல் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். குனிந்தேன். கோடுகள் ஒன்றோடொன்று கலங்கித் தெரிந்தன. படிக்கும் கண்ணாடி என் கடையில் இருக்கிறது என்று முணுமுணுத்தேன்.

சாபிரா தன் கண்ணாடியைக் கழற்றினாள். கோட்டு நுனியால் இரண்டு பக்கமும் துடைத்தாள். நான் நீட்டிய கையில் தராமல், "உன் ரத்தம், நீயே பாரு" என்று ராஜாத்தியின் கையில் வைத்தாள்.