கீறல் இல்லாத மனிதர்

குகதாசன் சித்தப்பாவின் உடம்பில் ஒரு கீறல்கூடக் கிடையாது. எல்லாத் தொல்லைக்கும் அதுதான் காரணம். ஒரு விரலாவது போயிருந்தால் சொந்தக்காரர்கள் ஆரஞ்சும் பிஸ்கட்டுமாக வந்து பார்த்து, "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

பினாங்குக்கு அக்கரையில், செபராங் ஜெயா பக்கம் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஒருநாள் தேநீர் வாங்க அவர் திரும்பிய நேரம், டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த இரும்பு அடுக்கு மொத்தமாகச் சரிந்தது. அவர் நின்ற இடத்தில் அப்போது நின்றவர் கூட்டாளி இப்ராஹிம். மறுநாள் இப்ராஹிமை அடக்கம் செய்தார்கள். சித்தப்பா பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் முழுசாக வரவில்லை. மின்விசிறிக்குக் கீழே படுக்கமாட்டார். தூங்கும்போதும் காலில் சப்பாத்து. யாராவது கிரில் கதவைப் படாரென்று சாத்தினால் மேசைக்கு அடியில் இருப்பார்.

மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. ஆனால் மெர்ச்சுன் பட்டாசு வெடித்து ஆட்களைத் துள்ளவைப்பதில் எங்கள் பிளாட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. துள்ளுகிறவன் அடுத்த நொடி செருப்பை எடுத்துக்கொண்டு துரத்துவான். அதுதான் சாதாரணப் பயம். சித்தப்பா துள்ளமாட்டார். தூரத்துச் சத்தத்துக்கே உறைந்துபோய் மேலே பார்ப்பார். அவர் இருந்த மாடியில் மட்டும் நான் வெடித்ததே இல்லை.

மனதில் அடிபட்டிருக்கிறது, தொடர்ந்து வரவேண்டும் என்றார் மருத்துவமனை டாக்டர். சித்தப்பாவின் அண்ணன், தம்பு பெரியப்பா, விழுந்து விழுந்து சிரித்தார்.

"மனசுல அடியா? மனசு என்னா முட்டியா லா? வேலைக்குப் போவ சோம்பல், அவ்வளவுதான்."

வள்ளிநாயகி சித்தி டாக்டரை விட்டுவிட்டு முருகனிடம் போனார். புருஷன் பிழைத்ததற்கு நன்றியும் சொல்லி, குணமும் கேட்டு, ஒரே வேண்டுதல்: தைப்பூச ரதத்துக்கு முன்னால் நூற்றெட்டுத் தேங்காய். சித்தப்பா கையாலேயே உடைக்கவேண்டும்.

"சித்தி, அது சத்தம் போடுமே," என்றேன்.

"தேங்கா ஒடச்சா சத்தம் வராம பாட்டா வரும்? போடா."

சித்தப்பா "சரி" என்றார். சித்தியின் முகத்தைப் பார்த்துச் சொன்ன சரி அது. அன்றிலிருந்து பாதிச் சோறு தட்டிலேயே கிடந்தது.

பினாங்கில் நாங்கள் தேங்காயை ஒன்றிரண்டாக உடைப்பதில்லை. ரதம் வரும் பாதை நெடுகக் குவித்து வைத்து, கூட்டமாக நின்று தார்ச்சாலையில் அறைவோம். டத்தோ கெராமாட் சாலையில் ரதம் தெரிந்ததும் சித்தி முதல் தேங்காயைச் சித்தப்பா கையில் கொடுத்தார். அவர் ஓங்குவதற்குள் பக்கத்துக் குவியல்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

டைல்ஸ் உடைகிற அதே சத்தம். நூறு பெட்டி, ஆயிரம் பெட்டி.

சித்தப்பாவுக்கு முதலில் தாடை நடுங்கியது. பிறகு தோள். பிறகு முழு உடம்பும். வியர்வை ஊற்ற, கண்ணை மேலே நிறுத்தி, "நகரு... நகரு..." என்றார்.

"சாமி வந்துருச்சு!" என்று கத்தினார் தம்பு பெரியப்பா.

அவ்வளவுதான். யாரோ சித்தப்பா தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். ஒருவர் நெற்றி நிறைய விபூதி அப்பினார். உறுமி மேளத்தை அவர் காதோரம் கொண்டுவந்து அடித்தார்கள். சித்தி கைகூப்பி அழுதார், சந்தோஷத்தில். ஓர் அம்மா சித்தப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நகரணுமா சாமி? வீடு மாறணுமா? கெலுகோர் பக்கம் பாக்கட்டுமா?"

சித்தப்பாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அவர் செத்துவிடுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அங்கே எவன் கேட்பான்? எனக்குத் தெரிந்த இன்னொரு தொழில் பொய். அதைச் செய்தேன்.

"சாமிக்குச் சத்தம் ஆவாதாம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "உறுமிய நிறுத்து! வழி விடுங்க லா, சாமி தனியா போவணுமாம்!"

போலீஸ்காரர் உட்பட எல்லோரும் விலகினார்கள்.

பக்கத்துச் சந்தில் சுவரோரம் அவரை உட்காரவைத்தோம். தேங்காய் இன்னும் அவர் கையில் இருந்தது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. சித்தி முந்தானையால் விபூதியைத் துடைத்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்:

"வள்ளி, இப்ராஹிம் நகந்துட்டானா?"

சித்தியின் கை நின்றுவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, எலுமிச்சம்பழத் தட்டோடு அந்தக் கெலுகோர் அம்மா வாசலில் நின்றார். கூட்டிவந்தவர் தம்பு பெரியப்பாவேதான்.

"சாமிய கூப்புடு வள்ளி. குறி கேக்க வந்திருக்காங்க."

"இங்க சாமி இல்ல அத்தான். இவருக்குப் பயம். நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"பயமா? ஆம்பளைக்கு என்னா பயம்?"

"இருக்கு," என்றார் சித்தி. கிரில் கதவை இரண்டு கையாலும் பிடித்து, சத்தமே வராமல் சாத்தினார்.

கீழே பெரியப்பா கெரேத்தாவில் ஏறி, தன் கோபத்தையெல்லாம் கார்க் கதவில் காட்டினார். அது அறைந்த அறையில் சித்தப்பா மேசைக்கு அடியில் போய்விட்டார்.

சித்தி எப்போதும் போல "வெளிய வாங்க" என்று அதட்டவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தானும் உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.