சித்தப்பா வைத்த பார்

எங்கள் பக்கத்தில் பார் என்றால் ஒரே அர்த்தம்தான். விராலிமலையிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் ரோட்டில், மதுக்கடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. நசுங்கிய பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், முட்டை ஓடு. பஸ் அதைத் தாண்டும்போது அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். என் தலையையும் அந்தப் பக்கம் திரும்ப விடமாட்டாள். அப்படிப்பட்ட வீட்டில், துபாயிலிருந்து திரும்பி வந்திருந்த சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "கூடத்துல அந்த மூலை சும்மாத்தானே கெடக்கு, அங்கிட்டு ஒரு பார் வைக்கலாம்னு இருக்கேன்" என்றார். அம்மா குழம்பை ஊற்றாமலே உள்ளே போய்விட்டாள்.

வேடிக்கை என்னவென்றால் சித்தப்பா குடிக்க மாட்டார். பீர் வாடை பட்டாலே அவருக்குத் தலை வலிக்கும். துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அங்கே ஏணி மேல் ஏறி நின்று ஹோட்டல் பாரை மேலிருந்து பார்த்துப் பார்த்து, அதன் கண்ணாடியிலும் விளக்கிலும் மயங்கிப் போயிருக்கிறார். சிலர் சினிமா நடிகை மேல் ஆசைப்படுவார்கள். எங்கள் சித்தப்பா ஒரு மேஜை மேல் ஆசைப்பட்டார்.

அப்பா பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். "வாத்தியார் வீட்டுல பாராடா? ஊரு காறித் துப்பும்டா" என்று குதித்தார். சித்தப்பா நிதானமாக, "பேரே பார்னுதானேண்ணே வச்சிருக்கான்? குடின்னா வச்சிருக்கான்? பார்க்கிறதுக்குத்தாண்ணே" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிலேடை என்றால் அவர் சொத்தையே எழுதிக் கொடுத்துவிடுவார். அன்றைக்குக் கூடத்தின் மூலையை எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஒரு மாதம் எங்கள் வீடு வீடாக இல்லை. திருமயம் பக்கத்தில் இடித்துப் போட்ட ஒரு பெரிய வீட்டின் வாசல் கதவை, பழைய மரக்கடையிலிருந்து சித்தப்பா டெம்போவில் ஏற்றி வந்தார். தாமரைப்பூவும் பித்தளைக் குமிழும் வைத்த தேக்குக் கதவு. செங்கல் கட்டி, காவி பூசி, அதன்மேல் கதவைப் படுக்கப் போட்டு, மேலே கண்ணாடி பதித்தார். கதவைப் படுக்க வைத்த வீடு உருப்படுமா என்று அம்மா மூன்று வேளையும் கேட்டாள். உட்கார நாற்காலிக்கு எங்கே போவது? ஒர்க்‌ஷாப்பில் கிடந்த பழைய டிராக்டர் சீட் இரண்டை வாங்கி, இரும்புக் குழாயில் பற்ற வைத்து, சிவப்புப் பெயிண்ட் அடித்தார். ஏறி உட்கார்ந்தால் சுற்றும். நான் பாதி நாள் அதில்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

விளக்குக்குக் கோழி கவிழ்க்கிற பஞ்சாரம். அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உள்ளே மஞ்சள் பல்பு போட்டதும், சுவரெல்லாம் கட்டம் கட்டமாக நிழல் விழுந்தது. பின்னால் ஆள் உயரக் கண்ணாடி, அதைச் சுற்றிச் சீரியல் செட். கம்பியில் தலைகீழாக கிளாஸ்கள். "வவ்வா தொங்குற மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. அவளுடைய பித்தளைத் தூக்குவாளி ஐஸ் வைக்கப் போனது. அரிசி அளக்கும் ஆழாக்கு சர்பத் அளக்கப் போனது. ஆழாக்கைக் கேட்டு அம்மா போட்ட சண்டை தனிக் கதை. வயக்காட்டில் மயில்கள் உதிர்த்துவிட்டுப் போன தோகைகளைப் பொறுக்கி வருவது என் வேலை. அதையெல்லாம் ஒரு உயரமான ஜாடியில் சொருகி, கண்ணாடிக்கு மேல் விசிறி மாதிரி விரித்து வைத்தார். ஓரத்தில், ஹோட்டல் மேனேஜர் பரிசாகக் கொடுத்த மரப்பெட்டியில் வரிசையாகச் சுருட்டு. யாரும் பற்ற வைக்கக் கூடாது. அழகுக்கு!

பாட்டில்கள்? துபாயிலிருந்து வந்த சூட்கேஸில் சென்ட்டும் சாக்லெட்டும் இருக்கும் என்று நாங்கள் திறந்தால், துணி சுற்றிய காலி பாட்டில்கள். அவற்றில் நன்னாரி சர்பத், ரோஸ் சர்பத், டீ டிகாஷன் என்று நிறம் நிறமாக ஊற்றி வைத்தார். நீலத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கலக்கி ஊற்றினார். அதை மட்டும் குடித்துவிடாதே என்று என்னிடம் தினமும் சொல்வார்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் டிராக்டர் சீட்டில் ஏறிவிடுவேன். சித்தப்பா தோளில் துண்டு போட்டுக்கொண்டு, கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் துடைத்து, நன்னாரி ஊற்றி, விளிம்பில் ஒரு வட்டம் எலுமிச்சை சொருகி, "என்ன மேடம், இன்னைக்கு ஸ்கூல் எப்படி?" என்று நீட்டுவார். ஊரில் செய்தி பரவி, சில பெரிய மனிதர்கள் வாத்தியாரைப் பார்க்க வந்த மாதிரி வந்தார்கள். சர்பத்தைக் குடித்துவிட்டு முகம் தொங்கிப் போனார்கள். எனக்கென்னவோ அந்த வீட்டில் அதைவிடச் சந்தோஷமான இடம் வேறு இருந்ததாக ஞாபகமில்லை.

இந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு மாப்பிள்ளை அமைந்தது. அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கடைக்குட்டித் தங்கை. குடுமியான்மலைப் பக்கத்துப் பையன், திருச்சியில் வேலை. அந்த வேலை கிடைப்பதற்கு முன்னால், அத்தை புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் படிக்கப் போன பஸ்ஸில்தான் அவரும் போயிருக்கிறார். இது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்கு மட்டும் தெரியாத மாதிரி எல்லாரும் வைத்துக்கொண்டோம். ஜாதகம் பொருந்தியதும் அத்தை கிணற்றடியில் நின்று தனியாகச் சிரித்ததை நான் பார்த்தேன்.

தரகர் கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார். "நகை நட்டு ஒண்ணும் கேக்கலைங்க. குடிக்கிற வீடு மட்டும் வேணாம்னு மாப்பிள்ளையோட அம்மா கண்டிசனாச் சொல்லிருச்சு. அவங்க வீட்டுக்காரரு குடிச்சுக் குடிச்சே போய்ச் சேர்ந்தவரு." எங்கே போய்ச் சேர்ந்தார் என்று நான் கேட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

தரகர் போனதும் எல்லாருடைய தலையும் கூடத்து மூலைக்குத் திரும்பியது. உடைத்துவிடலாம் என்றார் அப்பா. சித்தப்பா போய்க் கடப்பாரையை எடுத்து வந்துவிட்டார். அத்தைதான் குறுக்கே நின்றாள். "எனக்காக ஒண்ணும் ஒடைக்க வேணாம்ண்ணே." கடைசியில், மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிற அன்றைக்கு பாட்டில்களை மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவது என்று முடிவானது.

அவர்களோ ராகு காலத்துக்கு முன்னால் வீட்டுக்குள் காலை வைத்துவிட வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார்கள். சித்தப்பா தலையில் எண்ணெயோடு நிற்கிறார். அம்மா பீரோவைத் திறந்து கைக்கு வந்த தன் கல்யாண அரக்குப் பட்டுச் சேலையை இழுத்து வந்து, சீரியல் செட்டுக்கு மூலையின் இரண்டு சுவரிலும் அடித்திருந்த ஆணிகளில் குறுக்கே மாட்டிவிட்டாள். பார் முழுக்க மறைந்துவிட்டது. அப்பாடா என்று அவள் திரும்பவும் அவர்கள் படியேறவும் சரியாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஒல்லியான, உயரமான பெண்மணி. நெற்றியில் திருநீறு. பாயில் உட்காரப் போனவர் மூலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நானும் அப்போதுதான் பார்த்தேன். பட்டுத் திரை. அதற்குப் பின்னால் அணைக்க மறந்த சீரியல் செட் மினுக் மினுக்கென்கிறது. திரைக்கு மேலே மயில் தோகை. ஓரத்தில் துருத்திக்கொண்டு ஒரு பெட்டி சுருட்டு.

விராலிமலை முருகனுக்குச் சுருட்டு வைத்துப் படைக்கிறது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அந்தம்மா சட்டென்று செருப்பில்லாத காலையே ஒருமுறை தரையில் தேய்த்துக்கொண்டு, கையைக் கூப்பிவிட்டார். "நம்ம மலைக்காரரா? சுருட்டெல்லாம் வச்சு முறையாத்தான் கும்பிடுறீங்க!"

அப்பாதான் மாட்டிக்கொண்டார். வாழ்க்கையில் பொய் சொல்லாத மனிதர், உண்மையும் சொல்ல முடியாமல் தலையை ஆட்டிய ஆட்டில் ஆமாம் எது, இல்லை எது என்று யாருக்கும் புரியவில்லை.

"தெரையை எடுங்க தம்பி, ஒரு கும்பிடு போட்டுட்டு உக்கார்றேன்."

"இன்னும் பூசை ஆகலைங்க" என்றாள் அம்மா. நன்றாகத்தான் சமாளித்தாள்.

"ஆகட்டும் தாயி. இருந்து கும்பிட்டுட்டே போறேன், எனக்கென்ன அவசரம்."

சித்தப்பா முகத்தில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அப்போது காப்பித் தட்டோடு வந்த அத்தை, தட்டைக் கீழே வைத்துவிட்டு நேரே மூலைக்குப் போனாள். மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தாள். பட்டுச் சேலையைப் பிடித்து ஒரே இழுப்பு.

"சாமி இல்லீங்க. இது எங்கண்ணன் ஆசையா வச்ச பார். இந்த வீட்டுல யாரும் குடிக்க மாட்டாங்க. ஆனா பொய் சொல்லிக் கட்டிக்கிட்டு வர எனக்கு இஷ்டமில்லீங்க."

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கும் தெரிந்தது. அத்தையின் கண் நிறைந்துவிட்டது, ஆனால் அவள் தலையைக் குனியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா நேரே பாருக்குப் போனார். ஒவ்வொரு பாட்டிலாக மூடியைத் திருகி மூக்கில் வைத்துப் பார்த்தார். "நன்னாரி." அடுத்தது. "டீத்தண்ணி." நீலத்தில் கொஞ்சம் யோசித்தார். "இது என்ன, சொட்டு நீலமா?"

"ஆமாங்கம்மா, கலருக்கு" என்றார் சித்தப்பா, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.

அந்தம்மா டிராக்டர் சீட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தே விட்டார். அது அரைச் சுற்று சுற்றி அவரை எங்கள் பக்கம் திருப்பியது. "சரி, நன்னாரியை ஊத்துங்க, பார்ப்போம்." சித்தப்பாவுக்குத் தொழில் மறக்கவில்லை. கிளாஸைத் துடைத்து, ஆழாக்கில் அளந்து, எலுமிச்சை சொருகித்தான் கொடுத்தார். மாப்பிள்ளை அத்தையைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அப்பா அதைப் பார்க்காத மாதிரி உத்தரத்தைப் பார்த்தார்.

கிளம்பும்போது அந்தம்மா செய்ததை நான் அதற்கு முன் யாரும் செய்து பார்த்ததில்லை. அப்பாவைக் கிட்டே கூப்பிட்டு, இரண்டு கன்னத்தையும் பிடித்துக் குனிய வைத்து, முகத்தோடு முகமாக ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். "நல்லா இருக்கணும் தம்பி." அடுத்து சித்தப்பா, அதே மாதிரி. அப்புறம்தான் அம்மா பக்கம் திரும்பி, "வெத்தல பாக்கை எடுத்துட்டு வா தாயி, மாத்திக்குவோம்" என்றார்.

அப்பா பூரித்துப் போனார். பல நாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "முன்ன பின்ன பார்க்காத மனுசி, பெத்த பிள்ளையாட்டம் உச்சி முகர்ந்துட்டாங்கய்யா! இப்பல்லாம் யார் செய்யிறா?" என்று இலக்கியத்திலிருந்து உதாரணம் வேறு காட்டிக்கொண்டிருந்தார். அம்மாவோ, முருகன்தான் அந்தம்மா கண்ணைக் கட்டிவிட்டான் என்று மலைக்குப் போய் ஒரு கட்டு சுருட்டு படைத்துவிட்டு வந்தாள்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது அத்தையின் மாமியார் வந்திருந்தார். ரொம்பத் தளர்ந்து போயிருந்தார். அப்பா அந்த உச்சி முகர்ந்த கதையை ஆயிரத்தோராவது முறையாக ஆரம்பிக்க, அவர் என் காதுக்குக் கிட்டே வந்து மெல்லச் சிரித்தார். "ஒங்கப்பாருக்குச் சொல்லிராதடி ஆத்தா. பாட்டில்ல சர்பத்தை ஊத்தி வைக்க எவனுக்கும் தெரியும். வாயை மோந்து பார்த்தாத்தான் வீடு தெரியும். எங்க வீட்டுக்காரரு உசுரோட இருந்த வரைக்கும், பொழுது சாஞ்சா வாசப்படியில நின்னு நான் பார்த்த வேலை அது ஒண்ணுதான்."

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. டிராக்டர் சீட்டிலிருந்து குதித்து ஓடி, எனக்கும் எனக்கும் என்று முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்.