ஆஸ்பத்திரி நாளில் கிளம்பாத கார்

அருப்புக்கோட்டைப் பக்கம் குளிரடிக்கிறது என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். மார்கழி விடிகாலையில் அவர்கள் எங்கள் கரிசல் காட்டுக்கு வந்து நின்றதில்லை. எனக்கு அந்தப் பனியைப் பொறுத்துக்கொள்ளத் தெரியும். என் காருக்குத் தெரியாது. கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் கார். தாலுகா அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கீழே வேலை பார்ப்பது அது ஒன்றுதான். அதுவும் விடுப்பு விண்ணப்பம் கொடுக்காமல் விடுப்பு எடுக்கும்.

வாரத்தில் இரண்டு நாள் அதற்குத் தவறக்கூடாத வேலை இருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் நெடுங்காலம் லாரி ஓட்டியவர். இப்போது சிறுநீரகம் இரண்டும் பழுது. டவுன் ஆஸ்பத்திரியில் முதல் ஷிப்டில் அவருக்கு டயாலிசிஸ். நேரத்துக்குப் போகாவிட்டால், வாசலில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு மெஷின் போய்விடும். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நான் அங்கே அதிகாரியாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கார் மக்கர் செய்த அந்த நாளுக்கு முந்தைய தடவை, மெஷின் பழுதென்று பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். அதனால் அன்றைக்கு அவருக்குக் கால் வீங்கி, மூச்சு இரைத்தது. இரவெல்லாம் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். அவர் நடக்க வேண்டாம் என்று காரை முதல் நாளே அவர் வாசலில் நிறுத்தியிருந்தேன்.

அவரை முன் சீட்டில் உட்கார வைத்து, குளிருக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் சோக்கை இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நன்றாகச் சுற்றியது. பற்றவில்லை. மறுபடியும் திருப்பினேன். பெட்ரோல் வாடைதான் வந்தது.

“அண்ணே, இதுக்கும் டயாலிசிஸ் பண்ணணும்போல,” என்றார் அவர், மூச்சை இழுத்து இழுத்து.

“நீ பேசாம இருப்பா. பேச்சுக்கும் மூச்சு செலவாகும்.”

பஸ் போய்விட்டிருந்தது. ஆட்டோக்காரரைப் போனில் கூப்பிட்டால், பந்தல்குடிக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறேன் என்றார். அதற்குள் தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். காரைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும்.

“ஏலே, பிடிங்கடா. தள்ளுனா எடுத்துக்கிரும்,” என்றார் டீக்கடைக்காரர்.

“வீரசோழன் ஊரு வரைக்கும் தள்ளுனாலும் எடுக்காது. தள்ளுறவுகளுக்குத்தான் மூச்சு வாங்கும்,” என்றேன்.

எதையும் வரிசையாகப் பார்த்தே பழகியவன் நான். இன்ஜின் சுற்றுகிறது என்றால் பேட்டரியில் குற்றமில்லை. வாடை வருகிறது என்றால் பெட்ரோல் போகிறது. மிச்சமிருப்பது நெருப்பு. பொறி தரும் பிளக் ஒன்றைக் கழற்றி வயரோடு சேர்த்து இன்ஜின் மேல் வைத்தேன். எதிர் வீட்டுக்காரரின் மனைவி சாவியைத் திருப்பினாள். பொறி வரவில்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது டிஸ்டிரிபியூட்டர். இந்தக் காரில் அது முன்புறக் கம்பித் தடுப்புக்கு நேர் பின்னால் இருக்கிறது. அதன் மூடியைத் திறந்தேன். உள்ளே ஈரம். பனி ஈரம் என்று நினைத்து விரலால் துடைத்தேன். விரல் மஞ்சளானது.

காரின் முகத்தைக் குனிந்து பார்த்தேன். தடுப்பின் நடுவில் குங்குமம். கீழே தரையெல்லாம் மஞ்சள் தண்ணீர். அதைச் சுற்றிக் கோலம்.

“வண்டிக்குத் தெளிச்சியாம்மா?”

“ஆமாண்ணே. மார்கழி பொறந்ததுலருந்து வாசல் தெளிக்கையில அதுக்கும் ஒரு கை தெளிக்கேன். அவுகள நல்லபடியாக் கொண்டுபோய்க் கொண்டார வண்டியில்ல.”

“ஒரு கையா? இன்னைக்கு வாளியோட ஊத்துனா,” என்றார் உள்ளே இருந்தவர்.

“ராத்திரி முழுக்க நீங்க பட்ட பாட்டுக்கு ஒரு கை போதுமா?” என்றாள். டீக்கடைக்காரர் அப்போதும், “தள்ளிப் பாத்துருக்கலாம்,” என்றார்.

மூடியை அனலில் காய வைக்க அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அதிலுள்ள வயர்களைக் கழற்றியாக வேண்டும். மாற்றி மாட்டினால் கார் இருமும், போகாது. அடையாளம் வைக்க ஏதாவது வேண்டுமென்றேன். அவள் வீட்டுக்குள் ஓடி ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொண்டுவந்தாள். முதல் வயருக்கும் அதன் துளைக்கும் ஒரு பொட்டு, அடுத்ததற்கு இரண்டு என்று ஒட்டினேன். பெட்டியில் இருக்கும் விலையுயர்ந்த கருவிகள் எதுவும் இவ்வளவு ஒத்துழைத்ததில்லை.

“தோசைக்கல்லுல வச்சிராத. தீக்குப் பக்கத்துல கையில பிடிச்சு அனல மட்டும் காட்டு. ஒன் கை சுட்டா அதுக்கும் சுடும்னு வச்சுக்க.”

அவள் அப்படியே காட்டினாள். நான் பிளக்குகளைத் துடைத்து, டிஸ்டிரிபியூட்டரின் உட்புறத்தை வேட்டி முனையால் ஒற்றி எடுத்தேன். முன் சீட்டில் கேலி நின்றுவிட்டிருந்தது. அவர் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவசரப்பட்டால் கை தவறும் என்று எனக்குத் தெரியும். அவசரப்படாமல் இருப்பதற்குத்தான் அன்றைக்கு என் தெம்பெல்லாம் செலவானது.

மூடி வெதுவெதுப்பாக வந்தது. பொட்டுப் பார்த்து வயர்களை மாட்டி, சோக்கை உள்ளே தள்ளி, தேங்கிய பெட்ரோல் வெளியேற ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துச் சாவியைத் திருப்பினேன். ஒரு இருமல். பின்னால் புகை. இன்னொரு இருமல். பிறகு பிடித்துக்கொண்டது. யாரும் கை தட்டவில்லை. வேடிக்கை முடிந்துவிட்டதே என்பது போலக் கலைந்தார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கரி படிந்த கையோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் வேறொருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நர்ஸ் எங்களைப் பார்த்தாள்.

“இவரப் படுக்க வைக்கத்தான் போனேன். ஏன் இவ்ளோ லேட்டு?”

“வண்டிக்கு ஒடம்பு சரியில்லம்மா,” என்றார் எதிர் வீட்டுக்காரர்.

செருப்பைக் கழற்றியவர் திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே பெஞ்சுக்குப் போனார். இவரை எடை பார்த்துப் படுக்க வைத்தார்கள். ஊசி ஏறி, குழாயில் சிவப்பு ஓடத் தொடங்கிய பிறகுதான் அவர் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“இனிமே தெளிக்கக் கூடாதாண்ணே?”

“டயருக்குத் தெளி.”

“டயரு வண்டிக்குக் காலுதானண்ணே. மூஞ்சிக்குத் தெளிச்சாத்தான தெளிச்ச மாதிரி.”

விதிகளை எடுத்துச் சொல்லியே வாழ்க்கையை ஓட்டியவன் நான். அங்கே எனக்கு ஒரு விதியும் கைகொடுக்கவில்லை. வீடு திரும்பியதும் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை வெட்டி, டிஸ்டிரிபியூட்டர் மேல் கவிழ்த்து, வயர்களைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அடுத்த ஆஸ்பத்திரி நாளிலும் காரின் முகம் மஞ்சளாகத்தான் இருந்தது. முதல் திருப்பிலேயே கிளம்பியது. அது மஞ்சளால்தான் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.